கீழ்த்தளத்துப் பம்பு

அப்பாவைத் தூக்குவதற்காகத் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தபோது ஜொங்நிம்மின் புறங்கை தரையில் பட்டது. சட்டென்று இழுத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் அதற்குள் பாரம் கையில் ஏறிவிட்டது. கால் பக்கம் சித்தப்பா பிடித்திருந்தார், இடுப்பில் அண்ணன் பியொங்கு. மூவருமாக அவரை மெத்தையிலிருந்து பலகைக்கு மாற்றினார்கள். மூன்று பேர் தேவைப்படும் பாரமே இல்லை. போன அறுவடைப் பண்டிகைக்குப் பார்த்தபோது இருந்த அப்பாவில் பாதிதான் இருந்தார்.

முழங்கால்கள் இரண்டும் மார்பை நோக்கி மடங்கியிருந்தன. கைகள் அக்குளுக்குள் புகுந்திருந்தன. சித்தப்பா முழங்காலின் மேல் தன் எடையைப் போட்டு மெதுவாக அழுத்தி நீட்ட வேண்டியிருந்தது.

"ஏன் இப்படிச் சுருண்டு கெடக்காரு?" என்று கேட்டார்.

"வயசானா அப்படித்தான் படுக்கிறாங்க, சித்தப்பா" என்றான் பியொங்கு.

பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. சித்தப்பா அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். திருப்தியான பார்வை. தரைச் சூட்டை எப்போது நிறுத்தினாய் என்று அண்ணனிடம் விசாரித்தார்.

"விடியக்காலையில பார்த்த உடனே நிறுத்திட்டேன். முதல் வேலையா அதைத்தான் செஞ்சேன். அப்புறம்தான் டாக்டருக்கே போன் பண்ணேன்."

"அதான் சரி. இதெல்லாம் இப்ப யாருக்குத் தெரியுது? எங்க தெருவுல ஒருத்தன் பெத்த தாயைக் கொதிக்கிற தரையில கெடத்திட்டு, ஊரெல்லாம் போன் போட்டுக்கிட்டு இருந்தான். சாயங்காலம் யாராலயும் அந்த ரூமுக்குள்ள போக முடியல."

இறந்தவர் கிடக்கும் அறைக்கு அனல் கூடாது. மூன்றாம் நாள் மலையில் புதைக்கக் கொண்டுபோகும்வரை உடம்பு தாங்க வேண்டுமே. விறகடுப்புக் காலத்திலிருந்து ஜெச்சொன் ஊரில் அதுதான் முறை. விறகு போய், கரி போய், இப்போது எண்ணெய் பாய்லர் வந்து, தரைக்கு அடியில் குழாய்களில் வெந்நீர் ஓடுகிறது. முறை மட்டும் மாறவில்லை. அந்த முறையைப் பதறாமல் நினைவில் வைத்திருந்த மகன் என்று பியொங்குவுக்கு அந்தக் காலையிலேயே முதல் பாராட்டு கிடைத்துவிட்டது.

ஜொங்நிம் மெத்தையைச் சுருட்டினாள். சுருட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மஞ்சள் காகிதம் ஒட்டி எண்ணெய் பூசிய தரை. கிணற்றடிக் கல்லைத் தொட்டதுபோல இருந்தது. நகர்ந்து சுவரோரம் தொட்டாள். குழாய் அறைக்குள் நுழையும் மூலையில் தொட்டாள். தரைச் சூடு அவ்வளவு லேசில் போகாது. வெந்நீர் நின்ற பிறகும் அரை நாள், சில வீடுகளில் ஒரு நாள்கூட, சிமெண்டு தன் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். காலையில் நிறுத்தினால் மத்தியானம் வெறும் பாதத்தோடு நடக்கலாம். நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட அது தெரியும். இன்னும் மத்தியானமே ஆகவில்லை.

வொன்ஜு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை அவளுக்கு. தகவல் வந்ததும் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பஸ் ஏறி வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவுக்குப் போன் செய்வாள். குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். "தரை கொதிக்குது. சட்டையைக் கழட்டிட்டுப் படுத்திருக்கேன்." கடைசி இரண்டு மாதமும் அதையேதான் சொன்னார். இருமிக்கொண்டே சொன்னார்.

அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவன் மடிப்புத் தட்டியை விரித்து அப்பாவை மறைப்பதில் மும்முரமாக இருந்தான்.

வந்தவர்களுக்கெல்லாம் மேல்மாடியில்தான் இடம் போட்டிருந்தார்கள். கீழே பியொங்கு துக்கச் சணல் துணி உடுத்து, தலைமகனின் கோலை ஊன்றி, தட்டியின் முன்னால் நின்றான். வந்தவர்கள் கீழே குளிரில் விழுந்து வணங்கிவிட்டு, விறுவிறுவென்று மாடியேறி, காலுறையோடு தரையில் அமர்ந்ததும் 'ஆகா' என்றார்கள். மாடியில் அப்படி ஒரு கதகதப்பு. ஜன்னலோரம் வரிசையாக ஆர்க்கிட் தொட்டிகள். பியொங்குவுக்கு நகராட்சி அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தபோது நாலா பக்கமிருந்தும் பரிசாக வந்தவை. தை மாதக் குளிரில் அவற்றில் இரண்டு பூத்திருந்தன. எழவுக்கு வந்தவர்கள் அதை வேறு பாராட்டினார்கள். இவ்வளவு நுணுக்கமான செடியை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்று ஒருவர் அண்ணியிடம் கேட்டார். சூடு ஒரே அளவாக இருக்க வேண்டும், அதுதான் ரகசியம் என்றாள் அண்ணி.

காரமான மாட்டிறைச்சிச் சூப்பும் சோஜுச் சாராயமும் உள்ளே போகப்போக எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். இது நல்ல சாவு. எழுபதைத் தாண்டியவர், படுக்கையில் இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை, யாருக்கும் தொந்தரவு தரவில்லை, மகன் வீட்டில், தன் அறையில், தூக்கத்திலேயே. சிமெண்டு ஆலையில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், இப்படி ஒரு சாவு எனக்கு வாய்க்குமா என்று உண்மையிலேயே ஏங்கினார். ஜொங்நிம் அவருக்குச் சூப்பை ஊற்றினாள். ஊற்றும்போது சூப்பு கிண்ணத்துக்கு வெளியே சிந்தியது. துக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளுக்கு வந்தது கோபம். அந்தக் கதகதப்பான தரையை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அது உள்ளங்கால் வழியாக ஏறியது.

கிம்ச்சி ஊறுகாய் தீர்ந்துவிட்டது, எடுத்து வா என்று அண்ணி பாத்திரத்தை நீட்டினாள். கிம்ச்சிப் பானை புதைத்திருந்த இடம் வீட்டின் பின்னால், பாய்லர் கொட்டகையை ஒட்டி. ஜொங்நிம் பாத்திரத்தைப் பானை மூடியின் மேல் வைத்துவிட்டுக் கொட்டகைக் கதவைத் தள்ளினாள்.

அந்தக் கொட்டகை அப்பாவின் யோசனை. பியொங்குவின் கல்யாணத்துக்காக மாடி எழுப்பியபோது, ஒரே பாய்லரில் இரண்டு பம்பு வைக்கச் சொன்னார். ஒன்று மேல்தளத்துக் குழாய்களுக்கு வெந்நீரைத் தள்ளும், மற்றது கீழ்த்தளத்துக்கு. தனித்தனி சுவிட்ச். அவங்களுக்காக நான் வேக வேண்டாம், எனக்காக அவங்க உறைய வேண்டாம் என்று சிரித்தார். பம்புகளின் மேல் சிவப்புப் பெயிண்டால் தன் கோணல் எழுத்தில் 'மேல்' என்றும் 'கீழ்' என்றும் எழுதி வைத்தார். வீட்டைப் பியொங்குவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்த பிறகும் கொட்டகையை அவர்தான் பார்த்துக்கொண்டார், முட்டி வலி வரும்வரை.

பாய்லர் எரிந்துகொண்டிருந்தது. மாடிக்குப் போகும் குழாயில் பம்பு மெல்லிதாக உறுமிக்கொண்டு ஓடியது. அதன் மேல் சிவப்பில் 'கீழ்' என்று எழுதியிருந்தது.

ஜொங்நிம் குனிந்து இன்னொரு முறை படித்தாள். பிறகு பக்கத்துக் குழாயைப் பார்த்தாள். அப்பாவின் தளத்துக்குப் போகிற குழாய். பம்பு இருக்க வேண்டிய இடத்தில் பம்பு இல்லை. இரு முனைகளிலும் வால்வை மூடி அடைப்பான் திருகியிருந்தது. அதன் மேல் சிலந்தி வலை கட்டி, வலையில் தூசி படிந்திருந்தது. குழாய் உறைந்துவிடாமல் இருக்க, பெண்கள் தலைமுடிச் சுருளைச் சுற்றுவதுபோல் நெருக்கமாகச் சூட்டுக் கம்பி சுற்றி, அதற்கு மேல் பழைய ரஜாயைப் போர்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். ரஜாய்க்குள் கையை விட்டுப் பார்த்தாள். குழாய் கதகதப்பாக இருந்தது.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. சணல் உடையோடு பியொங்கு நின்றிருந்தான். அவள் பின்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"கிம்ச்சி எடுக்கத்தானே வந்தே?"

"அப்பாவோட பம்பு மேல ஓடுது" என்றாள்.

அவன் கதவைச் சாத்தினான். பிறகு தலைமகனுக்குரிய கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அலுவலகத்தில் மனு கொண்டுவந்தவர்களிடம் பேசுகிற நிதானத்தில் பேசினான். மேல் பம்பு எரிந்துபோய்விட்டது, புது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெரிய குளிர் வந்ததே, அன்றைக்கு. பிள்ளைகள் இரண்டும் இருமிக்கொண்டு கிடந்தன. கடையெல்லாம் மூடியிருந்தது.

"அப்பாதான் மாடிப்படியில நின்னு சொன்னாரு, என்னுதைக் கழட்டி மாட்டிக்கோடான்னு. நானா கேக்கல."

"ஒரு ராத்திரிக்குச் சொல்லியிருப்பாரு."

"மறுநாளே வாங்கிடலாம்னுதான் இருந்தேன். வருஷக் கடைசி, ஆபீஸ்ல தலைக்கு மேல வேலை. அப்புறம் போய்க் கேட்டேன், ஜொங்நிம். கேக்காம இல்ல. மின்சாரப் பாயோட சூடே போதும், இடுப்புக்கு இதமா இருக்குன்னாரு. வேணும்னு வாயைத் திறந்து சொல்லாத மனுஷனை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

"வீட்டை வித்துட்டு அபார்ட்மெண்டுக்குப் போகப்போறீங்கன்னு அண்ணி போன்ல சொன்னாங்களே. விக்கப்போற வீட்டுக்குப் புதுப் பம்பு எதுக்குன்னு விட்டுட்டே. அதைச் சொல்லேன்."

 அவள் ரஜாய் போர்த்திய குழாயைக் காட்டினாள்.

"இதுக்கு மட்டும் கம்பி சுத்தத் தெரிஞ்சுதா?"

"உறைஞ்சு வெடிச்சுதுன்னா தரையையே பேத்து எடுக்கணும்" என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஜொங்நிம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கமாட்டாமல் சிரித்தாள். பியொங்கு பயந்துபோய் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே யாருக்காவது கேட்டிருக்குமோ என்ற பயம்.

"விடியக்காலையில நிறுத்தினேன்னு சித்தப்பாகிட்டச் சொன்னியே" என்றாள் அவள்.

"பின்ன என்ன சொல்லச் சொல்றே? ஊரு முழுக்க மேல உட்கார்ந்திருக்கு. ஆபீஸிலிருந்து பெரியவரு வராரு. மூணு நாள் போகட்டும். அப்பா மலைக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் என்னை என்ன வேணா திட்டு. இப்ப வாயைத் திறந்தா கெடப்போறது அப்பா பேரும்தான். மகன் வீட்டுல குளிர்ல செத்தாருன்னு அவரைப் பத்தித்தானே பேசுவாங்க?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைக் கட்டிப்போட்டது. அப்பா அப்படித்தான் நினைத்திருப்பார். மகன் குளிரில் போட்டான் என்று ஊர் பேசுவதைவிட உறைந்தே போகலாம் என்று நினைக்கிற ஆள்தான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் சட்டையைக் கழற்றினார்.

சரி, மூன்று நாள் என்று முடிவு செய்துகொண்டாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. சித்தப்பாவும் அப்பாவின் தங்கையான அத்தையும் இருக்கும்போது, அப்பாவின் அறையில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். யாருக்காவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், இது நல்ல சாவு இல்லை என்று. கிம்ச்சியை அள்ளிக்கொண்டு மாடியேறினாள்.

மறுநாள் பெட்டியில் வைப்பதற்காக உடம்பைத் துடைத்தார்கள். வலது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக ஒரு புண். ஓரங்கள் காய்ந்து, நடுவில் ஈரமாக இருந்தது. அத்தை அதைப் பார்த்துத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "இது மின்சாரப் பாய் சுட்டது. ராத்திரி பூரா ஒரே பக்கமா அதுமேல கெடந்தா இப்படித்தான் வேகும், தெரியவே தெரியாது." நிமிர்ந்து பியொங்குவைப் பார்த்தார். "இவ்வளவு நல்ல தரையை வெச்சுக்கிட்டு எதுக்கு மின்சாரப் பாய் மேல படுத்தாரு?"

 ஜொங்நிம் வாயைத் திறந்தாள். மூன்று நாள் என்று முடிவு செய்ததெல்லாம் அந்தப் புண்ணைப் பார்த்ததும் போய்விட்டது. ஆனால் அதற்குள் பியொங்கு பலகையின் மேல் விழுந்து 'அய்கோ' என்று ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டான். தலைமகன் அழத் தொடங்கினால் மற்றவர்களும் தொடர வேண்டும் என்பது வழக்கம். அத்தை அழுதார், அண்ணி அழுதாள், வாசலில் நின்ற உறவுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். சித்தப்பாவின் கேள்வி அந்தச் சத்தத்தில் எங்கோ போய்விட்டது. அவன் நடிக்கவில்லை, கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வழிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அப்பாவுக்கு மொட மொடவென்ற புதுச் சணல் உடையை உடுத்தினார்கள். மெல்லிய உடை. இதைப் போட்டுக்கொண்டு இந்தக் குளிரில் எப்படி என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. தன் புத்தியை நினைத்துத் தானே வெட்கப்பட்டாள்.

மலையில் மண் இரும்பாக இறுகியிருந்தது. முந்தின நாளே கரியைக் கொட்டி எரித்து மேல்மண்ணை இளக்கியிருந்தார்கள். குழியைச் சுற்றிச் சாம்பல் கிடந்தது. பெட்டி இறங்கும்போது அத்தை ஜொங்நிம்மின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். கதகதப்பான ரூமில் இருந்த மனிதரைக் கொண்டுவந்து இந்தக் குளிர்ந்த மண்ணில் போடுகிறோமே என்று சொல்லிச் சொல்லி அழுதார். சின்ன வயதில் அம்மா அடுப்பு மூட்டினால் சூடு முதலில் வரும் இடத்தை அண்ணன் எனக்கு விட்டுத் தருவார், கடைசியில் அவருக்குக் கிடைத்தது இந்த இடமா என்றார்.

ஜொங்நிம்மால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அத்தையின் காதருகே குனிந்தாள். "அத்தை, வீட்டுக்குப் போனதும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா ரூம்ல வெச்சுத்தான் சொல்லணும்."

"என்னடி?"

"போய்ச் சொல்றேன்."

அத்தை அழுகையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு தலையாட்டினார்.

திரும்பி வந்தபோது எல்லோருக்கும் விரல்கள் மரத்திருந்தன. அப்பாவின் படத்தைப் பியொங்கு இரு கைகளாலும் ஏந்தி வந்து, கீழறையில் சின்ன மேஜையின் மேல் வைத்தான். அடுத்த சடங்குவரை ஆவி அந்த அறையில்தான் தங்கும். அதுவரை சித்தப்பாவும் அத்தையும் இருந்துவிட்டுத்தான் போவார்கள். மற்றவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

அண்ணி மேலே வாருங்கள், படுக்கை விரித்திருக்கிறேன், மேலே நன்றாகச் சூடாக இருக்கிறது என்று இரண்டு முறை கூப்பிட்டாள். அத்தை கேட்கவில்லை. அண்ணனைத் தனியாகப் போட்டுவிட்டு மாடியில் போய்ப் படுப்பதா என்றார். சித்தப்பாவும் கோட்டோடு படத்தின் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே இங்க அனல் போடலாமில்ல. உடம்புதான் மலைக்குப் போயிடுச்சே" என்றார் சித்தப்பா. "போய்ப் போட்டுவிடுப்பா. உங்க அப்பா ஆவியும் குளிர்ல உட்கார்ந்திருக்கு."

பியொங்கு அண்ணியைப் பார்த்தான். அண்ணி தன் கால் பெருவிரலைப் பார்த்தாள். ஜொங்நிம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். மூன்று நாளாகக் காத்திருந்த இடம் இதுதான். தான் வாயைத் திறக்கவே வேண்டாம் போலிருந்தது. தரையே சொல்லிவிடும். இவர்கள் கையை வைத்துக் காத்திருப்பார்கள், காத்திருந்து காத்திருந்து கேட்பார்கள்.

"போண்ணா. போய்ப் போட்டுட்டு வா. நாங்க எல்லாம் இங்கேயே உட்கார்ந்திருக்கோம்" என்றாள்.

அவன் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு வெளியே போனான்.

உட்கார்ந்தார்கள். அத்தை உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்துக்கொண்டார். சித்தப்பா தொடைகளுக்கு அடியில் கைகளைச் செருகிக்கொண்டார்.  சுவருக்குள் மாடிக் குழாயின் மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. ஜொங்நிம் அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று உறுமல் நின்றது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு குழாய் வழியாக இரும்பில் இரும்பு தட்டும் சத்தம் வந்தது. டங், டங் என்று இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் தட்டு. ஸ்பேனரைப் போட்டு மரைகளைத் தளர்த்துகிறான். அப்பாவின் பம்பைக் கழற்றுகிறான். ஜொங்நிம் சுவரிலிருந்து விலகி நின்றாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் சித்தப்பா.

"மூணு நாள் நிறுத்தி வெச்சிருந்தோமில்ல. குழாய்ல காத்து அடைச்சிருக்கும்" என்றாள் அண்ணி. குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

அண்ணி சூப்பைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். சித்தப்பா பாதிக் கிண்ணம் குடிப்பதற்குள் தரைக்கு அடியில் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. காற்று முட்டி முட்டி வெளியேறி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. சூப்பு ஆறுவதற்குள் முடித்துவிட்டான். இரண்டு மாதமாக முடியாத வேலை.

பியொங்கு உள்ளே வந்தான். வலது கைச் சணல் நுனியில் துருத்தண்ணீரில் நனைந்து பழுப்பேறியிருந்தது. அதை மடித்து உள்ளே விட்டுக்கொண்டு, படத்தின் முன்னால் நெற்றி தரையில் படும்படி இரண்டு முறை விழுந்து வணங்கினான். எழுந்திருக்கும்போது அவன் கண்கள் ஜொங்நிம்மைத் தேடவில்லை. இப்போது கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாலும், அப்பாவின் குழாயில் அப்பாவின் பம்பு ஓடும், அப்பாவின் எழுத்தோடு. மாடிக் குழாய்தான் பம்பு இல்லாமல் வாய் பிளந்திருக்கும். தன் வீட்டுச் சூட்டைக் கழற்றி அப்பாவின் ஆவிக்குக் கொடுத்த பிள்ளை என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கும். சிலந்தி வலையைக்கூடத் துடைத்திருப்பான்.

"உங்க அப்பா குடுத்து வெச்சவரு" என்று சித்தப்பா சொன்னார். பியொங்கு தலையைக் குனிந்துகொண்டான்.

சூடு மூலையிலிருந்துதான் முதலில் வந்தது. குழாய் நுழையும் இடத்திலிருந்து மெல்ல மெல்ல அறைக்குள் நகர்ந்தது. அத்தை அதைத் தேடிக் கையைத் தரையில் நகர்த்திக்கொண்டே போனார். கண்டுபிடித்ததும் அப்படியே அங்கே நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். அப்பா படுத்திருந்த இடம் அது. கொஞ்ச நேரம் கழித்துக் கோட்டைக் கழற்றினார். பிறகு காலுறைகளையும் கழற்றி, வெடித்துப்போன பாதங்கள் இரண்டையும் தரையில் பதித்து வைத்தார். மூன்று நாளில் முதல் முறையாக அவர் முகம் இளகியது.

"இந்தச் சூட்டுலதான் எங்க அண்ணன் கண்ணை மூடியிருக்காரு" என்றார். "மலையில அழுதேனே, பைத்தியக்காரி. கடைசி ராத்திரிவரைக்கும் இப்படித்தானே படுத்திருந்தாரு. இது போதும் எனக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜொங்நிம் பக்கம் திரும்பினார். "ஏதோ சொல்லணும்னியே. என்னம்மா அது?"

பியொங்கு சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அண்ணி அசையாமல் நின்றாள்.

ஜொங்நிம் அத்தையின் பாதங்களைப் பார்த்தாள். குளிரில் நீலம் பாரித்திருந்த விரல்கள் சூட்டில் மெதுவாகச் சிவந்துகொண்டிருந்தன.

"ஒண்ணுமில்ல, அத்தை. களைச்சுப்போயிருக்கீங்க. படுங்க."

அலமாரியைத் திறந்து ஒரு தலையணையை எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். அத்தை அதை வாங்கித் தலைக்கு வைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே, கை காலை நன்றாக நீட்டிப் படுத்தார்.